நாற்பது வயதில் பதினாலு-பதினஞ்சு

படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பழவேற்காட்டு மீனவருக்குக் கார் ஷெட்டில் இடம் உண்டா?

பழவேற்காட்டுக் குப்பங்களில் தலை நரைத்த மீனவர்களிடம் “இன்ஜின் வேலையை எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டால், ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரோ வாத்தியாரின் பெயரோ வருவது அபூர்வம். பாய், துடுப்பு, கழி என்று தொழிலை ஆரம்பித்தவர்கள் அவர்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வலைக்குக் கடனும் வாங்கிய பிறகுதான் அவர்களில் பலருடைய கைக்கு இன்ஜின் வந்து சேர்ந்தது.

தமிழகக் கரையில் பெரிய விசைப்படகுகள் 1950-களின் கடைசியிலும் 60-களிலுமே வரத் தொடங்கிவிட்டன. கட்டுமரத்துக்கும் சின்னப் படகுக்கும் இன்ஜின் வர இன்னும் காலம் பிடித்தது. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணல் கரையில், அலையைக் கிழித்து இறங்கவும் திரும்பி ஏறவும் கூடிய இன்ஜின் படகை உருவாக்குவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. அடுத்து 2004 சுனாமி. நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. அவற்றோடு நீளமான வாலைப் போல் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜின்களும் வந்தன. கட்டுமரம் ஓரமாக ஒதுங்கியது.

இன்ஜினை விற்றவர்கள் கரையில் நின்றுவிட்டார்கள். கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி அது நின்றுபோனால் பார்க்க வேண்டியவர் படகில் இருப்பவர்தான். அங்கே ஷெட்டு கிடையாது, போன் அடித்தால் வரும் ஆளும் கிடையாது. ஆகவே முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அவர்கள் கற்றார்கள். ஒரு தலைமுறையே வளர்ந்த பிறகு மெக்கானிக் ஆனது. யாரும் அதைப் படிப்பு என்று சொல்லவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை.

இந்த வயதுக்கு மேல் கார் வேலை கற்க முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு இந்தக் கரையே பதில். முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தடை வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

தண்ணீர் குறைந்த கதை

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்குப் பகுதி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி வட்டத்துக்குள் வருகிறது. பரப்பு பெரிதே தவிர ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக ஏறி வரும் கடல்நீரும் கலப்பதில்தான் இறாலும் நண்டும் மடவையும் பிழைக்கின்றன. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். கடல்நீர் வராது, ஆற்றுநீரும் வராது, வெயில் மட்டும் வரும். ஏரி உப்பேறிச் சுருங்கும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பிறகே, சுமார் 27 கோடி ரூபாயில் நேர்கல் சுவர் கட்டும் திட்டம் வந்தது.

தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. அதையொட்டி வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்த பத்தாண்டில் எழுந்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாற்றப்பட்டது. 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 330 ஏக்கரில் இருப்பதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்ததும் குப்பங்கள் கொதித்தன. 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். பழவேற்காடு இருப்பது வடக்கே. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பும் இதோடு சேரும்.

ஏரிக்குள்ளும் எல்லோருக்கும் எல்லா இடமும் இல்லை. ‘பாடு’ என்ற முறை இங்கே பல தலைமுறையாக நடக்கிறது. எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், அரங்கங்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகியவை பாடு உரிமையுள்ள பழைய ஊர்கள். சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட பழவேற்காடு ஆய்வு இதைப் பற்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறது. ஏரி நலிந்தபோதும் பாடு உரிமை உள்ளவர்கள் தொழிலை விட்டு எளிதில் நகரவில்லை. மீன்பிடிப்பது அவர்களுக்கு வருமானம் மட்டும் அல்ல. ஊரில் ஒரு இடம், கோயிலில் ஒரு மரியாதை, பஞ்சாயத்தில் ஒரு குரல். அதை விட்டுவிட்டு இன்னொருவர் ஷெட்டில் போய் டப்பாவில் டீசல் ஊற்றி நட்டு கழுவுவது என்றால், வருமானம் கூடினாலும் மனசு ஒப்பாது.

இளைஞர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்திலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஒப்பந்தக் கூலியாகப் போகிறார்கள். நிலத்தைக் கொடுத்தவர்களுக்குச் சொன்னபடி நிரந்தர வேலை கொடு என்று காட்டுப்பள்ளி மக்கள் பலமுறை போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவயதுக்காரரை அந்த ஒப்பந்த வேலைக்கும் கூப்பிடுவது குறைவு. அவர் கையில் இருக்கும் ஒரே நிலத்துத் தொழில் இன்ஜின்.

எண்ணூரில் பூட்டிய கார்

இந்தக் கரைக்கு மோட்டார் அந்நியம் என்று நினைப்பவர்கள் எண்ணூரை மறந்துவிடுகிறார்கள். அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கி, எண்ணூர் ஆலையில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1955-ல் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. புல்லட் அங்கிருந்துதான் நாடெங்கும் ஓடியது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மீனவர் வலை வீச, கூப்பிடு தூரத்தில் கார் தயாரானது. அந்த ஆலைகள் வட சென்னையில் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டன. பழவேற்காடு வரை அந்தக் காற்று வீசவில்லை.

தொழில் மாறுவதும் பழவேற்காட்டுக்குப் புதிதில்லை. 1600-களில் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி இங்கே உட்கார்ந்தபோது ஊரின் பெயர் துணியால் தெரிந்தது. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட துணி கடல் தாண்டிப் போனது. கோட்டைக்குள் வெடிமருந்து தயாரித்தார்கள். அடிமை வியாபாரமும் நடந்தது. அதை டச்சுக் கல்லறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களிடம் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. தறி போனது, வெடிமருந்து போனது, டச்சுக்காரரும் 1825-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். மீன்தான் நிலைத்தது.

படகுக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்தது

டீசல் இன்ஜின் நின்றுபோனால் பாதி நேரம் காரணம் காற்றுதான். டேங்கில் டீசல் தீர்ந்து மறுபடி ஊற்றினாலோ, பைப்பில் எங்கேயாவது கசிவு இருந்தாலோ, பம்புக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. “ஏர் பிடிச்சிருச்சு” என்பார்கள். பைப் நட்டைத் தளர்த்தி, கையால் சுற்றி, குமிழி போய் வெறும் டீசல் வரும் வரை விட்டு, இறுக்குவது வைத்தியம். ஆடுகிற படகில், ஈரக் கையோடு, பொழுது சாய்கிற நேரத்தில் இதைச் செய்து பழகியவருக்கு, நிழலில் நிற்கும் பழைய வேனில் செய்வது சிரமமே இல்லை.

புகையைப் படிக்கவும் தெரியும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைப் பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கு தேய்ந்திருக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. காதும் பழகியிருக்கும். கார்க்காரர் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓட்டுவார். படகுக்காரருக்கு இன்ஜின் சத்தம்தான் உயிர். அதில் ஒரு சின்ன மாறுதல் வந்தாலும் தலை திரும்பிவிடும்.

உப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு நகரத்து மெக்கானிக்குக்குத் தெரியாது. துரு ஏறிய போல்ட்டில் நேரடியாக ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கும் அல்லது போல்ட் முறியும். ஆயில் விட்டு ஊறவைத்து, தட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கழற்றும் பொறுமை கடற்கரை வேலையின் அடிப்படை. மீன் ஏற்றும் வேன்களில் ஐஸ் உருகி வடியும் உப்புநீர் அடிச்சட்டத்தை அரிப்பதைப் பார்த்தவுடனே அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

அதனால்தான், கற்க வருபவர் நேரே காரில் கை வைப்பதைவிட டாடா ஏஸில் ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து. 2005-ல் வந்த அந்தக் குட்டி யானை இல்லாத மீன் ஏலக் கூடம் இன்று இல்லை. ஆரம்பகால ஏஸில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். படகில் பார்த்த ஒற்றைச் சிலிண்டருக்குப் பக்கத்து வீடு. புதிதாகச் சேர்வது ரேடியேட்டர், கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன். நீள்வால் இன்ஜினில் கியர் பாக்ஸ் இருக்காது. சேறோ வலையோ வந்தால் வாலைத் தூக்கிவிட்டால் போதும். காரில் இழுவையைத் துண்டிக்கும் அந்த ஒரு வேலைக்கே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் என்று தனிக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கும் படகில் இல்லாத பாடம். படகு இன்ஜினைத் தப்பாகப் பூட்டினால் நடுக்கடலில் நிற்கும். பிரேக்கைத் தப்பாகப் பூட்டினால் ஜி.என்.டி. சாலையில் நிற்காது. இரண்டாவதில் அடிபடுவது முன்பின் தெரியாத ஆள்.

பழைய கை, புது ஆபத்து

அனுபவம் கைகொடுக்கிற இடங்களைச் சொன்னேன். காலை வாருகிற இடங்களும் உண்டு, அவற்றில் ஒன்று ஆளையே கொல்லும்.

பழைய டீசல் மெக்கானிக்குகள், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். அழகான சோதனை. ஆனால் இன்றைய டீசல் கார்களில் இருப்பது காமன் ரெயில். அதன் குழாயில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தத்தில் நிற்கும். கார் டயரில் இருப்பது சுமார் இரண்டேகால் பார். ஓடும் இன்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் ஊசிமுனைபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. சும்மா கீறல் என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரல் போகலாம், கை போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. நாற்பது வயதில் கற்க வருகிறவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது இது. பதினெட்டு வயதுப் பையனைவிட அவருக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பழக்கம் இருப்பது அவர் கையில்தான்.

இறுக்குவதிலும் அப்படித்தான். படகில் போல்ட்டை “கை சொல்கிற வரை” இறுக்குவார்கள். காரின் அலுமினிய ஹெட்டை அப்படி இறுக்கினால் வளைந்துவிடும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும் வரிசை உண்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற அளவு உண்டு, அதற்கு டார்க் ரென்ச் உண்டு. அந்தக் கருவியை அவமானமாக நினைக்கும் மூத்த மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் அந்த வீம்பைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது மின்சாரமும் மின்னணுவும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐ வைத்துத்தான் தமிழ்நாட்டு ஷெட்டுகளில் ஒரு தலைமுறை தொழில் கற்றது. கார்புரேட்டர் காலம் அது. ஸ்க்ரூ டிரைவரால் டியூன் செய்யலாம். 2000-ஐ ஒட்டி அது போய் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமானதும் சென்சார்கள் பெருகின. இப்போது கார் வந்தவுடன் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். பி0301 என்று திரையில் வரும். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பையன் உடனே ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிடுவான். கோளாறு பிளக்கிலா, காயிலிலா, இன்ஜெக்டரிலா, வால்வு கசிந்து கம்ப்ரெஷன் குறைந்ததிலா என்று ஸ்கேனர் சொல்லாது. அந்த இடத்தில் மறுபடியும் காதும் புகையும் யோசனையும் தேவைப்படுகின்றன. ஸ்கேனரைப் படிக்கக் கற்றுக்கொண்ட பழைய கை, ஸ்கேனரை மட்டும் தெரிந்த புதுக் கையைவிட நல்ல மெக்கானிக் ஆகும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்கள் வேறு கதை. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால், முறையான பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. அதில் அனுபவ ஞானம் உதவாது.

“அண்ணே, பதினாலு-பதினஞ்சு எடு”

ஷெட்டில் வேலை கற்பதற்கு ஒரு பழைய வழி இருந்தது. பத்து, பன்னிரண்டு வயதில் பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். டீ வாங்குவான், தரையைத் துடைப்பான், நட்டு கழுவுவான், அடி வாங்குவான். ஸ்பேனரை எண் சொல்லிக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கப் பழகுவான். பத்து-பதினொண்ணு, பன்னிரண்டு-பதிமூணு, பதினாலு-பதினஞ்சு. சில வருஷம் கழித்துத்தான் இன்ஜினில் கை வைக்க விடுவார்கள். குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016 சட்டத் திருத்தம் சொன்ன பிறகு இது குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதே. ஆனால் அந்த இடத்தை நிரப்பும் பயிற்சி முறையை யாரும் உருவாக்கவில்லை. ஷெட் முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம்.

அங்கே ஒரு நாற்பது வயதுக்காரர் போய் நிற்கிறார். சொல்லிக்கொடுப்பவனுக்கு இருபத்திரண்டு. “அண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டே அவரைச் சாமான் எடுக்கச் சொல்கிறான். கடலில் இவர் சொன்னால் நாலு பேர் வலை இழுப்பார்கள். இங்கே இவர் எடுபிடி. மூட்டு வலிக்கிறது. காருக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க நேரமாகிறது. கண்ணாடி இல்லாமல் ஒயரின் நிறம் தெரிவதில்லை. முதல் சில மாதம் கையில் வருவது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். வீட்டில் கேட்கிறார்கள். நடுவயதில் தொழில் மாறுகிறவர்கள் விட்டுவிட்டு ஓடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். இன்ஜின் புரியாததால் ஓடுவதில்லை.

வெளியூர் உதாரணங்கள் ஆறுதல் தரும். கோவையின் ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் பஸ் விட்டார். அமெரிக்காவில் மேத்யூ கிராஃபோர்டு தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் நல்ல சம்பள வேலையை உதறிவிட்டு, ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தார். 2009-ல் அது பற்றி எழுதிய புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது. ஆனால் நாயுடு அப்போது இளைஞர். கிராஃபோர்டுக்குத் திரும்பிப் போக ஒரு பட்டம் இருந்தது. ஏரி வற்றினால் திரும்பிப் போக இடமில்லாதவரின் நிலை இவர்கள் இருவருடையதும் இல்லை.

கதவு திறந்திருக்கிறது, நேரம்தான் ஒத்துவரவில்லை

அரசு ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருஷம், டீசல் மெக்கானிக் ஒரு வருஷம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இந்த இரண்டாவது செய்தி எந்த மீன்காரம்மாவின் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய், இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்கும் திட்டமும் வந்தது. மின்சார வாகன மெக்கானிக் போன்ற புதுப் பிரிவுகள் அதில் அடங்கும். எல்லாம் சரி. தினமும் காலையிலிருந்து மாலை வரை வகுப்பில் உட்கார, குடும்பத்தைக் காப்பாற்றும் எந்த மீனவரால் முடியும்?

மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் 1963-ல் கொச்சியில் தொடங்கியது. அதன் சென்னைப் பிரிவு 1968 முதல் இருக்கிறது. படகு இன்ஜினுக்கான மரைன் ஃபிட்டர் படிப்பு அங்கே உண்டு, இரண்டு வருஷம். அதுவும் பள்ளி முடித்துவரும் பையன்களுக்கானது.

இன்னொரு வழி இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 21 வயது முடிந்து, அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுபவத்துக்குச் சான்று வேண்டும். சொந்தப் படகில் இருபது வருஷம் இன்ஜின் பார்த்தவருக்கு யார் கையெழுத்துப் போடுவது? முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்திலும் உண்டு. அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து, மணலில் நிற்கும் இன்ஜினை வைத்தே தேர்வு நடத்துவதில் என்ன கஷ்டம்?

ஷெட் வைக்கும் நாள் வந்தால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு போடலாம். கிராமப்புறத்தில் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள் போன்றோருக்கு 35 சதவீத மானியம். வயதுக்கு மேல் வரம்பு இல்லை. சேவைத் தொழிலில் 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். அதற்கு முன்னால் இன்னொன்று: கார் ஓட்டும் லைசென்ஸ். படகுக்காரர் பலரிடம் அது இருக்காது. ஓட்டிப் பார்க்காமல் பிரேக் வேலையை முடித்துக் கொடுக்க முடியாது.

மீனவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று இதுவரை அதிகாரிகள் நீட்டிய பட்டியலைப் பாருங்கள். கடல்பாசி, நண்டு கொழுக்கவைத்தல், அலங்கார மீன். மீனவன் என்றால் மீனைச் சுற்றியே யோசிப்பது. அவர்கள் கையில் நாற்பது வருஷமாக இருக்கும் ஸ்பேனர் யார் கண்ணிலும் படவில்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். “அதான் மெக்கானிக் வேலை கத்துக்கொடுத்துட்டோமே” என்பது துறைமுக விரிவாக்கத்துக்கு வசதியான வாசகம் ஆகிவிடக் கூடாது. ஏரியில் வலை கட்டும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழைக் கையில் கொடுப்பது மறுவாழ்வு ஆகாது. பாடு முறையில் தன் முறை வராத நாளில் ஷெட்டுக்குப் போய், வரும் நாளில் ஏரிக்குத் திரும்புகிற வாழ்க்கைதான் பலருக்குப் பொருந்தும். முழுக்க மாற விரும்புகிறவர் மாறட்டும். அது அவர் முடிவாக இருக்கட்டும்.

மீன்வளத் துறைக்கும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், அதே மாதங்களில்தான் பழவேற்காட்டில் முகத்துவாரம் அடைபட்டு ஏரித் தொழிலும் படுத்துக்கிடக்கும். அந்த 61 நாளில், பழவேற்காட்டிலேயே, மாலை நேரத்தில், வயது வரம்பில்லாமல் ஒரு வாகனப் பயிற்சி நடத்துங்கள். பிரேக், கிளட்ச், ஒயரிங், ஸ்கேனர், காமன் ரெயில் பாதுகாப்பு ஆகிய ஐந்து போதும். இன்ஜினை அவர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சி நாளுக்கு ஒரு கூலி கொடுங்கள். கடைசியில் அனுபவத்தையும் சேர்த்துச் சோதித்துச் சான்றிதழ் கொடுங்கள். புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரு பழைய டாடா ஏஸும் ஒரு பழைய காரும் இருந்தால் வரும் ஏப்ரலிலேயே தொடங்கலாம்.